தானாக உருளும் வண்டி எதுவும் இல்லை

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

ரயில் விபத்துன்னா ரெண்டு வண்டி மோதுறதுதான் நம்ம நினைவுக்கு வருது. யார்டுக்குள்ளே ஷண்டிங் நடக்கும்போதும், நிறுத்திவைத்த இடத்திலும் வண்டி கையை மீறி நகர்வது பத்திரிகை மூலையில் பெட்டிச் செய்தியாக முடிந்துபோகிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2018 ஏப்ரல் 7, இரவு. ஒடிசாவின் டிட்லாகர் ஸ்டேஷன். அகமதாபாத் - பூரி எக்ஸ்பிரஸின் இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். கழற்றினார்கள். 22 பெட்டிகளும் பயணிகளோடு உருளத் தொடங்கின. கேசிங்கா பக்கமாகப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடின. தண்டவாளத்தில் கல்லைப் போட்டு நிறுத்தினார்கள். யாரும் சாகவில்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவில்லை என்று ஊழியர்களை சஸ்பெண்ட் செய்தார்கள்.

2023 ஜூன் 7. அதே ஒடிசா, ஜாஜ்பூர் - கியோஞ்சர் ரோடு ஸ்டேஷன். ரயில்வே வேலைக்கு ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த கூலிகள். திடீரென்று சூறைக்காற்று, மழை. இஞ்சின் இல்லாமல் நின்ற கூட்ஸ் வண்டிக்கு அடியில் ஒதுங்கினார்கள். வண்டி நகர்ந்தது. ஆறு பேர் செத்தார்கள். காற்று தள்ளிவிட்டது என்றார்கள்.

காற்று தள்ளுமா? தள்ளும். எப்போது என்பதுதான் கேள்வி. இஞ்சினைக் கழற்றிக் குழாயின் காற்றை வெளியேற்றினால் பிரேக் பிடிக்கும். ஆனால் நேரம் ஆக ஆக சிலிண்டர் கசியும், பிடி தளரும். அதனால்தான் கையால் சுற்றும் ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, தண்டவாளத்தோடு சங்கிலி என்று விதி வைத்திருக்கிறார்கள். யார்டின் சரிவு 400க்கு 1-ஐத் தாண்டக் கூடாது என்பதும் விதி. 400 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் கண்ணுக்கே தெரியாது. ரோலர் பேரிங் சக்கரத்துக்கு லேசாக ஒரு தள்ளு கிடைத்தால் அது போதும்.

விதி மேலே புத்தகத்தில் இருக்கு. அதைச் செய்ற கை கீழே இருக்கு. ராத்திரியில், ஜல்லிமேல் நடந்து, ஒவ்வொரு வேகனாகப் பிரேக் சுற்றுகிற கை அது. ஆளைக் குறைத்து, நேரத்தை நெருக்கினால் எந்த வேலை முதலில் விடுபடும்? விடுபட்டதும் தண்டனை யாரிடம் போய் நிற்கும்?

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் அம்பேத்கர் பேசினார். தீண்டப்படாதவர் கேங்மேனாகவே கிடந்து சாக வேண்டியிருக்கிறது, போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையைப் போர்ட்டர்தானே செய்ய வேண்டும், தீட்டுப் பட்டுவிடுமாம்! யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை ரயில்வேயிலும் சாதி தீர்மானித்தது.

இன்று அந்தக் கடைசி இடத்தில் ஒப்பந்தக் கூலி நிற்கிறான். மழைக்கு ஒதுங்க அவனுக்குக் கூரை கிடையாது. வண்டியின் அடிதான் கூரை.

ஆகவே தோழர்களே, அடுத்தமுறை 'வண்டி தானாக ஓடியது' என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டை கொடுக்க எத்தனை பேர் இருந்தார்கள்? எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார்கள்? ஆளைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டது யார்?

அந்தக் கையெழுத்தை இதுவரை யாரும் சஸ்பெண்ட் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.