இரு மொழிப் பேராசிரியர் யாருக்குத் தேவை?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



கனடா நாட்டுப் பல்கலைக் கழகங்கள் அவ்வப்போது ஒரு விளம்பரம் கொடுக்கின்றன. மனோதத்துவப் பேராசிரியர் தேவை; ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் பாடம் நடத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும்; சமுதாயத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களைப் பற்றியும், அவர்களைச் சமமாகச் சேர்த்துக் கொள்வதைப் பற்றியும் ஆராய்ச்சி செய்பவராக இருக்க வேண்டும். விளம்பரத்தின் சாரம் இதுதான்.

ஆலையில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வந்திருக்கும் தோழரும், நடவு முடித்துவிட்டு வந்திருக்கும் தோழரும், "இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கேயோ ஒரு பேராசிரியர் உத்தியோகம் யாருக்குக் கிடைத்தால் நமக்கென்ன? ஆனால் அந்தப் பேராசிரியரிடம் படித்து வெளியே வருகிறவர்கள்தான் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, இந்தப் பையனுக்கு மூளை உண்டு, அந்தப் பெண்ணுக்கு மூளை போதாது என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறவர்கள். அந்தச் சீட்டு யார் வீட்டுப் பிள்ளையின் பேரில் எழுதப்படுகிறது என்று பார்த்தால் சம்பந்தம் விளங்கிவிடும்.

கனடாவுக்குத் தெற்கே அமெரிக்காவில் நடந்ததை முதலில் சொல்லுகிறோம். ஏனென்றால் அங்கேதான் விஷயம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. கலிபோர்னியா மாநிலத்தில் மாண்டரே வட்டாரம் முழுக்கக் காய்கறிப் பண்ணைகள். அங்கே குனிந்து நிமிர்ந்து கூலி வேலை செய்தவர்களில் ஏராளமானோர் மெக்சிக்கோ வம்சத்தவர். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் அறிவுச் சோதனை என்று ஒன்று வைத்தார்கள். கேள்வி எல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் சொல்வதும் அந்தச் சோதனையில் ஒரு பகுதி. பிள்ளை விழித்தது. மார்க்கு குறைந்தது. உடனே புத்தி வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் தள்ளிவிட்டார்கள். அந்த வகுப்பில் போய் உட்கார்ந்த பிள்ளை அதற்கப்புறம் என்ன படித்து எங்கே போகும்? அப்பன் குனிந்த அதே பண்ணைக்குத்தான்.

1970ஆம் ஆண்டில் இப்படித் தள்ளப்பட்ட ஒன்பது பிள்ளைகளின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. இரு மொழியும் தெரிந்த நிபுணரைக் கொண்டு மறுபடி சோதித்தார்கள். ஸ்பானிஷில் கேட்கவும் சொல்லவும் வழி கிடைத்ததும், அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் 'குன்றியவர்' என்ற கோட்டைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளையும் அதே பிள்ளை, மூளையும் அதே மூளை. கேட்டவருடைய பாஷைதான் வேறு. இனிமேல் வீட்டு மொழியிலும் சோதிப்போம் என்று மாநிலக் கல்வி இலாகா ஒப்புக்கொண்டு ராஜி செய்து கொண்டது.

ஒப்புக்கொண்டால் போதுமா? சோதிக்க ஆள் வேண்டுமே! ஸ்பானிஷ் தெரிந்த நிபுணர் பண்ணையில் முளைக்க மாட்டார். பல்கலைக் கழகம் உருவாக்க வேண்டும். உருவாக்க வேண்டுமானால் அந்த மொழியும் அந்த மக்களின் வாழ்க்கையும் தெரிந்த பேராசிரியர் அங்கே இருக்க வேண்டும். விளம்பரத்தில் வருகிற அந்த ஒரு வரியின் பின்னால் இத்தனை இருக்கிறது.

இப்போது கனடாவுக்கு வருவோம். ஒன்டாரியோ மாகாணத்தில் 1912இல் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. முதல் இரண்டு வருஷ வகுப்புகளுக்கு மேல் பிரெஞ்சில் பாடம் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். பதினேழாம் விதி என்று இன்றும் அதைச் சொல்லுகிறார்கள். ஆட்டவா நகரில் கீக் பள்ளிக்கூடம் என்று ஒன்று. 1916 ஜனவரியில் பிரெஞ்சு ஆசிரியைகளை வெளியேற்றப் போலீசு வந்தபோது தாய்மார்கள் வாசலை மறித்து நின்றார்கள். கையில் என்ன ஆயுதம் தெரியுமா? தொப்பியில் செருகும் நீண்ட ஊசியும் அடுப்பங்கரைச் சாமான்களும். போலீசு பின்வாங்க வேண்டியதாயிற்று. அந்த விதியைத் தளர்த்த 1927 வரைக்கும் போராட வேண்டியிருந்தது.

பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஐந்தில் நான்கு பேர். ஆனால் சம்பாத்தியத்தில்? 1963இல் அமைத்த ராயல் கமிஷன், 1961ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை வைத்து 14 இனப் பிரிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தது. பிரெஞ்சு வம்சத்தவருக்குக் கிடைத்தது 12ஆவது இடம். அவர்களுக்கும் கீழே இத்தாலியரும் அந்த மண்ணின் ஆதிகுடிகளும்.

இந்தத் தாழ்வு பையோடு நிற்கவில்லை, மனசுக்குள்ளும் இறங்கியிருந்தது என்று காட்டியவர் மாண்ட்ரீல் நகரின் மெக்கில் பல்கலைக் கழகப் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட். 1960இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட சோதனை மிகவும் சாமர்த்தியமானது. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களை ஒரே விஷயத்தை ஒரு தடவை ஆங்கிலத்திலும் ஒரு தடவை பிரெஞ்சிலும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். குரல்களைக் கலந்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு குரலும் ஒரே ஆளுடையது என்று மாணவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் பேசினால் அவர் புத்திசாலி, நம்பத் தகுந்தவர், உயரமானவர்கூட! அதே ஆள் பிரெஞ்சில் பேசினால் மதிப்பு இறங்கிவிட்டது. ஆங்கிலேயப் பிள்ளைகள் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. பிரெஞ்சுப் பிள்ளைகளும் தங்கள் மொழிக் குரலுக்கே குறைவாக மார்க்குப் போட்டார்கள். பல குணங்களில் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே போட்டார்கள். முதலாளியின் மொழி உசத்தி என்பதை, அதனால் மிதிபட்டவனே நம்பிவிட்டான்.

அதே லாம்பர்ட் எலிசபெத் பீல் என்பவரோடு சேர்ந்து 1962இல் இன்னொன்றைக் காட்டினார். இரண்டு மொழி கற்றால் பிள்ளைக்கு மூளை குழம்பும் என்று அதுவரை பல நிபுணர்கள் சொல்லி வந்தார்கள். மாண்ட்ரீலில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, இரு மொழிப் பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட நன்றாகவே செய்தார்கள். கேள்வி கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து விடையும் மாறுகிறது பாருங்கள்.

இரு மொழி என்று சொல்லும்போது, எந்த இரண்டு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கனடாவின் ஆதிகுடிப் பிள்ளைகள் 1,50,000 பேருக்கு மேல் விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. உண்மையறியும் ஆணையம் 2015இல் தந்த இறுதி அறிக்கையில் அந்தக் கொடுமை பதிவாகியிருக்கிறது. அவர்களுடைய கிரீ மொழியும் ஒஜிப்வே மொழியும் அந்த 'இரண்டில்' அடங்கவில்லை. சேர்த்துக் கொள்வது என்ற சொல்லை இந்த ஆதிகுடிகளை விட்டுவிட்டுப் பேச முடியாது.

நிற்க. ஒருவரைச் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்ததா? அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் அமாடோ படீயா 1994இல் 'பண்பாட்டு வரி' என்று ஒரு பெயர் வைத்தார். சிறுபான்மையிலிருந்து ஒருவரை வேலைக்கு எடுப்பார்கள். பிறகு அந்த மக்கள் சம்பந்தமான ஒவ்வொரு கமிட்டியிலும் அவரையே உட்கார வைப்பார்கள். அவர்களில் யாருக்குக் கஷ்டம் என்றாலும் அவரிடமே அனுப்புவார்கள். வேலை இரட்டிப்பு. பதவி உயர்வு நேரத்தில் அது கணக்கில் வராது. ஒரு சம்பளத்துக்கு இரண்டு தறி ஓட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம், வேலை நிரந்தரமா என்பது. விளம்பரத்தில் கூர்ந்து படிக்க வேண்டிய இடம் அதுதான். சில வருஷச் சோதனைக்குப் பிறகு நிரந்தரமாகும் வேலை ஒருவகை. ஒரு பாடத்துக்கு இத்தனை டாலர் என்று பருவத்துக்குப் பருவம் எடுத்து விடுகிற வேலை இன்னொரு வகை; நம் ஆலையின் பதிலித் தொழிலாளி மாதிரி. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத ஆசிரியர், ஒதுக்கப்பட்டவனுக்காக யாரை எதிர்த்துப் பேச முடியும்?

நிரந்தரம்கூட எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு சட்பரி நகரம் சாட்சி. ஒன்டாரியோவின் வடக்கே நிக்கல் சுரங்கங்கள் நிறைந்த ஊர். 1978 செப்டம்பரில் தொடங்கி 1979 ஜூன் வரைக்கும் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் ஊர். அவர்களுடைய பிள்ளைகளும் படிக்க 1960இல் அங்கே லாரன்ஷியன் பல்கலைக் கழகம் ஏற்பட்டது. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் பாடம். 2021 பிப்ரவரியில், கடன்பட்ட கம்பெனிகளுக்கான சட்டத்தின் கீழ் அது கோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டது. ஏப்ரலில் 69 படிப்புகளை ஒரேயடியாக மூடியது. அதில் 28 பிரெஞ்சு மொழிப் படிப்புகள். நூற்றுக்கு மேற்பட்ட பேராசிரியர்கள் வேலையிழந்தார்கள். பணமுடை வந்தால் இப்படி இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யூனியன் ஒப்பந்தத்தில் விதி இருந்தது. கம்பெனிச் சட்டத்துக்குள் போனதால் அந்த விதியை ஒதுக்கித் தள்ள முடிந்தது.

பேராசிரியர்களின் சம்பளம்தான் பல்கலைக் கழகத்தை மூழ்கடித்ததா? 2022இல் மாகாணத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. சரியாகத் திட்டமிடாமல் கட்டிடங்களுக்குக் கொட்டிய பணமே முக்கியக் காரணம் என்று அது சொல்லிற்று. அந்தச் சட்டத்துக்குள் போயிருக்க வேண்டியதே இல்லை என்றும் சொல்லிற்று. அறிக்கை வருவதற்குள் மூடிய வகுப்புகளின் மாணவர்கள் வேறு ஊர் தேடிப் போயிருந்தார்கள்.

நமக்குத் தெரிந்தவற்றைச் சொல்லிவிட்டோம். இனித் தோழர்கள் கேள்விகள் கேட்கலாம்.