பெயரை மறைத்துச் சுவைத்துப் பார்!

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தொழில்நுட்பமா ஏதாவது பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். "ஒயின் ருசி பார்ப்பது பற்றிப் பேசட்டுமா அண்ணே?" என்றேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. முன்வரிசையில் சார் எல்லாம் இருப்பார்களே என்பது அவர் கவலை. குடியால் கெட்ட குடும்பங்களை நம் ஊர்த் தெருக்களிலேயே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் பேசப்போவது குடிப்பதைப் பற்றி இல்லை, அளப்பதைப் பற்றி. நாக்கையும் மூக்கையும் கருவியாக வைத்து எப்படி அளப்பது, அந்த அளவை எது கெடுக்கிறது என்பதுதான் விஷயம்.

பெங்களூரில் என்னோடு வேலை செய்யும் ஆறு பேர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவோம். ஒருவர் நாசிக் ஒயின் கொண்டு வருவார். ஒருவர் நந்தி மலை அடிவாரத்தில் விளைந்தது கொண்டு வருவார். வெளிநாடு போய் வந்தவர் பிரான்ஸ், சிலி என்று ஒன்று கொண்டு வருவார். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, நம்பர் ஒட்டி விடுவோம். ஆளுக்கு இரண்டு ஸ்பூன் அளவுதான். நிறம் பார், கிளாஸைச் சுழற்று, முகர்ந்து பார், வாயில் வைத்துச் சுழற்று, துப்பு, மார்க் எழுது. ஆமாம், துப்பத்தான் வேண்டும். இதைத் தொழிலாகச் செய்கிறவர்களும் துப்பித்தான் விடுகிறார்கள். முழுங்கினால் நாலாவது கிளாஸில் கருவி பழுதாகி விடும்!

இதில் தமிழனுக்கு ஒரு வசதி உண்டு. சிவப்பு ஒயினை திராட்சைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால், தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் அதில் இறங்குகிறது. நாக்கை வறட்டி இழுக்கும் அந்த உணர்வை விளக்க மற்றவர்கள் சிரமப்படுவார்கள். நமக்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் தின்ற வாய்க்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஊருக்கு ஊர் ருசி மாறுவது நிஜம்தான். ஐரோப்பாவில் கோடை முடிந்து அறுவடை. நாசிக்கில் குளிர்காலத்தையொட்டி, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பழம் முற்றும் நேரத்தில் இரவு குளிர்ந்தால் புளிப்பு தங்கும். வெக்கையாக இருந்தால் இனிப்பு ஏறிப் புளிப்பு குறையும். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுவும் மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் கிடைத்த மரியாதைதான்.

ஊர் பார்த்து ஒயின் வாங்குவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில், பரூச் துறைமுகத்தில் இறங்கும் ஒயினில் இத்தாலி ஒயினுக்குத்தான் முதலிடம் என்று இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய குறி இருக்கிறது. நாணயமாக இனி செல்லாது, தங்கமாக மட்டும் மதிப்பு என்பதற்காக வெட்டினார்கள் என்று ஒரு கருத்து உண்டு. அது சரியென்றால், முகத்தைப் பார்க்காதே, எடையைப் பார் என்று நம் மண்ணில் அன்றைக்கே சொல்லி விட்டார்கள்!

இனி சோதனைக்கு வருவோம். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி ஒரு போட்டி வைத்தார். பிரான்சின் பேர்பெற்ற ஒயின்களும், அன்று யாரும் பெரிதாக மதிக்காத கலிபோர்னியா ஒயின்களும், பெயர் மறைத்து, பிரெஞ்சு நிபுணர்கள் முன்னால் வைக்கப்பட்டன. வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்கு! பெயர் தெரிந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா?

நிபுணர் நாக்காவது நிலையானதா? கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ராபர்ட் ஹாட்சன் என்பவர், ஒரே பாட்டில் ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று கிளாஸில் மூன்று தடவை கொடுத்துப் பார்த்தார். 2008-ல் வெளியான அவர் கணக்குப்படி, மூன்றுக்கும் ஒரே தரத்தில் மார்க் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். பிரான்சில் போர்தோவில் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளையே எழுதினார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. கண் சொன்னதை மூக்கு ஒத்துக்கொண்டு விட்டது.

எங்கள் குழுவிலும் இதையே பார்த்தோம். பெயர் தெரிந்து குடித்தால் பிரான்ஸ் பாட்டிலுக்கு எட்டு மார்க். பேப்பர் சுற்றினால் அதே பாட்டிலுக்கு ஐந்து. அதனால் முக்கோணச் சோதனை என்று ஒன்று செய்கிறோம். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகும். ஐந்து சுற்றும் சரியாகச் சொன்னால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 243-ல் ஒன்று. அப்படிச் சொல்கிறவரை நம்பலாம். பயிற்சியில் நாக்கு தேறுகிறது என்பதையும் பார்க்கிறோம்.

பலாப்பழம் என்றால் பண்ருட்டி என்றுதான் வெளியூர்க்காரர் வாயில் வரும். நம் வடகாடு, கீரமங்கலம் பழத்தைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஒருநாள் இரண்டு சுளையையும் பெயர் சொல்லாமல் தட்டில் வைத்துப் பாருங்கள். யார் ஜெயித்தாலும் சரி, அது சுளையின் ஜெயமாக இருக்கும்.

சரி, இதையெல்லாம் இந்த மேடையில் ஏன் சொல்கிறேன்? நாமும் அப்படிப்பட்ட பாட்டில்கள்தான். நான் படித்து முடித்து வேலை தேடிய நாளில், ஒரு கம்பெனியில் என் ரெஸ்யூமில் கல்லூரிப் பெயரைப் படித்ததும், "புதுக்கோட்டையா?" என்று கேட்டு அதை ஓரமாக வைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சொட்டுக்கூடச் சுவைத்துப் பார்க்கவில்லை. இங்கே இருக்கிற பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. பின்வரிசைத் தம்பிகளுக்கு இந்த வருஷமே நடக்கலாம்.

இன்று நம்மில் பலர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். என் பிரிவில் முதல் சுற்று எழுத்துத் தேர்வுத் தாள்களில் பெயர், ஊர், கல்லூரி எதுவும் இருக்காது, நம்பர் மட்டும்தான். திருத்தி முடித்து மார்க் போட்ட பிறகுதான் பெயரைத் திறப்போம். இது அமெரிக்காவிலிருந்து கற்றதில்லை. நம் பல்கலைக்கழக விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போட்டுத் திருத்திய சார்களிடம் கற்றது. இப்படித் திறந்து பார்க்கும்போது எங்கோ ஒரு சின்ன ஊர்க் கல்லூரி மேலே வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. பெயரை மறைத்தால் நம் கல்லூரிப் பிள்ளைக்கென்று சலுகையும் காட்ட முடியாது. அவர்கள் தேறியிருக்க வேண்டும். ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இரண்டு முறை, பல ஊர்களில் இருக்கும் நாம் சேர்ந்து, இறுதியாண்டு மாணவர்களுக்கு நம்பர் போட்ட மாதிரித் தேர்வு நடத்துவோம். எங்கே பலம், எங்கே பலவீனம் என்று ஒளிக்காமல் சொல்லித் தருவோம். வினாத்தாள் தயாரிக்கும் வேலைக்கு முதல் ஆளாக என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.