முகப்பருவுக்குக் கருத்தடை மாத்திரையா?

முகப்பருவுக்காக மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுத்தால், சில வீடுகளில் அந்தப் பெண்ணைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். வேண்டாமே, அது சிகிச்சைதான். ஆண் ஹார்மோன் எனப்படும் ஆண்ட்ரோஜன் பெண்ணுடலிலும் சுரக்கிறது. அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்ட, துளைகள் அடைபட்டுப் பரு கிளம்புகிறது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை அந்த ஆண்ட்ரோஜனின் வேகத்தைக் குறைக்கிறது. மாதவிடாய்க்கு முன் தாடையோரம் பரு வெடிக்கும் பெண்களுக்கு நன்றாகவே உதவும். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையோ சிலருக்குப் பருவைக் கூட்டிவிடும்! அதனால், தோழி சாப்பிட்டாள் என்று மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணில் ஒளி மின்னி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதைக் கடந்தும் புகைப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வேறு மருந்து தருவார்.