முழுசாக எண்ணிப் பாருங்கள்!

(பட்டிமன்றத் தலைப்பு: "பெரும் நோயைக் கடந்து வந்தவரை வழிநடத்துவது அச்சமா? நம்பிக்கையா?" இடம்: திருப்பூர். "நம்பிக்கையே" என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய பேராசிரியையின் உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! அச்சத்தின் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சங்கூட அச்சமே இல்லாமல் பேசிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) உலகத்துக்கே உடுப்புத் தைத்துக் கொடுக்கிற திருப்பூர்ப் பெருமக்களே! வீட்டில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே! 

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் எவ்வளவு நேரம் பேசினார்! "அந்த நோய்", "பெரிய வியாதி", "ஒரு மாதிரியான சீக்கு" என்றே ஓட்டிவிட்டார். நோயின் பேரைக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. ஒரு காலத்தில் புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று பெண்கள் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு அந்த மரியாதையைப் புருஷனிடம் இருந்து பிடுங்கி நோய்க்குக் கொடுத்துவிட்டோம்! (பலத்த சிரிப்பு)

நான் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய். அதிலும் பெண்களுக்கு வருகிற மார்பகப் புற்றுநோய். குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியில் இந்தச் சொல்லா என்று யாரும் நெளிய வேண்டாம். குடும்பத்தோடு கேட்க வேண்டிய சொல்தான் இது. சொல்லக் கூசி, காட்டக் கூசி, கடைசியில் தாயை இழந்த வீடுகள் இந்த நாட்டில் கொஞ்சமா நஞ்சமா?

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் யாரும் வந்து கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்லாதீர்கள். நான் வாங்கினது சிலப்பதிகாரத்தில்! (சிரிப்பு) மருத்துவர்கள் எழுதி வைத்ததைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம். அதே மாதிரி நெறிகள் அக்குளிலும் இருக்கின்றன. உடம்புக்குள் ஓடுகிற நிணநீரை வடிகட்டுகிற சோதனைச் சாவடி மாதிரி. மார்பகத்தில் வந்த நோய் வெளியே கிளம்பினால், பெரும்பாலும் முதலில் வந்து சேருகிற இடம் இந்தச் சாவடிதான். அதனால் அறுவை செய்கிற டாக்டர் அந்த நெறிகளையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். "பதினைந்து எடுத்தோம், நாலில் இருக்கிறது" என்று ரிப்போர்ட் வருகிறது. அவ்வளவுதான். வீட்டில் உள்ளவர்கள் அந்த நாலு என்ற எண்ணையே எமன் என்று படித்துவிடுகிறார்கள். நெறி வரைக்கும் வந்துவிட்டதாம், இனி நாள் கணக்குத்தான் என்று அவர்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இங்கே மேல்முறையீடு செய்ய வந்திருக்கிறேன். (கைதட்டல்)

எதிரணி நண்பர் பெரிய கணக்கு ஒன்று சொன்னார். 2017-ல் வந்த ஆராய்ச்சி. 88 ஆய்வுகளைச் சேர்த்து, 62,923 பெண்களைக் கணக்கெடுத்தது. ஹார்மோனைச் சார்ந்து வளர்கிற வகை நோய் வந்து, ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டு, நோயில்லாமல் இருந்தவர்கள் அத்தனை பேரும். அவர்களிலும் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்து, நாலு முதல் ஒன்பது நெறி வரை நோய் பரவியிருந்த பெண்களை எடுத்தால், ஐந்தாம் வருஷத்தில் இருந்து இருபதாம் வருஷத்துக்குள் நூற்றுக்கு 41 பேருக்கு உடம்பின் வேறு பாகத்தில் நோய் திரும்பி வந்தது என்றார். உண்மைதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் ஐயா, நூறு என்று ஆரம்பித்துவிட்டு நாற்பத்தொன்றோடு எண்ணுவதை நிறுத்திவிட்டால் எப்படி? மீதி 59 பேர் எங்கே போனார்கள்? (கைதட்டல்) நோய் ஏறியிருந்தவர்களிலேயே 59 பேருக்கு அது வேறு பாகத்தில் தலைகாட்டவில்லை. அதே ஆராய்ச்சியில் இன்னொரு வரியும் இருக்கிறது. கட்டி சின்னதாக இருந்து, ஒன்று முதல் மூன்று நெறியில் மட்டும் நோய் இருந்தவர்களில் திரும்பி வந்தது 20 பேருக்கு. அப்படியானால் வராதவர்கள் 80 பேர். அந்த வரியை ஏன் படிக்கவில்லை? அந்தப் பெண்களில் பலர் சிகிச்சை பெற்றது இன்றைய மருந்துகள் வருவதற்கு முன்னால். இன்றைக்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு நிலைமை இதைவிட மேலாகவே இருக்கக்கூடும் என்று ஆராய்ந்தவர்களே சொல்கிறார்கள்.

வெளிநாட்டுக் கணக்கு நமக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களை, இந்தியாவில் 11 பகுதிகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் இருந்து எடுத்துப் பார்த்தார்கள். நோய் மார்பகத்தோடு நின்றவர்களில் ஐந்து ஆண்டு கடந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 81 பேர். நெறி, பக்கத்துத் திசு என்று அக்கம்பக்கம் பரவியவர்களில் சுமார் 65 பேர். தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்ட பிறகு வந்தவர்களில் 18 பேர்தான்.

இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 81-ஐ 18 ஆக்கியது எது? தாமதம். அந்தத் தாமதத்துக்குக் காசில்லாததும் காரணம், விவரம் தெரியாததும் காரணம். இன்னொரு பெரிய காரணம், நடுவர் அவர்களே, இவர்கள் உயர்த்திப் பிடிக்கிற அச்சம்! கட்டி தட்டுப்பட்டதும், ஏதாவது சொல்லிவிடுவார்களோ, மகளுக்கு வரன் வராமல் போய்விடுமோ, அவர் என்ன நினைப்பாரோ என்று முந்தானைக்குள் மறைத்து வைத்த அச்சம்! (கைதட்டல்)

"பயம் இருப்பதால்தானே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், மாத்திரை சாப்பிடுகிறார்கள்" என்று கேட்டார் எதிரணித் தலைவர். நல்ல கேள்வி. தாமாக்சிஃபென் என்று ஒரு மாத்திரை. வேடிக்கை என்னவென்றால், அதை முதலில் தேடினது கருத்தடைக்காக. அந்த வேலைக்கு அது உதவவில்லை. அந்தப் பரீட்சையில் தோற்ற பிள்ளை இந்தப் பரீட்சையில் மாநிலத்தில் முதலாக வந்துவிட்டது! (சிரிப்பு) ஹார்மோன் சார்ந்த வகை உள்ளவர்கள் ஐந்து வருஷம் தினமும் சாப்பிட்டால், இந்த நோயால் சாகிறவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறார்கள். பத்து வருஷம் சாப்பிட்டால் இன்னும் பலன் என்று 2012-ல் கண்டார்கள். பத்து வருஷம் என்றால் எத்தனை மாத்திரை? 3,650! பயத்தில் முப்பது நாள் சாப்பிடலாம். மூன்று மாசம் சாப்பிடலாம். உடம்பு நன்றாகிவிட்டது, கட்டியும் இல்லை, வலியும் இல்லை, பயமும் தணிந்துவிட்டது. அதற்கப்புறமும் 3,650 நாள் ஒருத்தி மாத்திரையைப் பிரித்து வாயில் போடுகிறாள் என்றால், பத்து வருஷம் கழித்தும் நான் இருப்பேன் என்று அவள் நினைக்கிறாள் என்றுதானே அர்த்தம்? அதற்குப் பேர் பயமா, நம்பிக்கையா? (நீண்ட கைதட்டல்)

மருந்து கண்டவர்களும் நம்பிக்கையில் நின்றவர்கள்தான். இத்தாலியில் மிலான் நகரத்தில் ஜியானி பொனடோனா என்று ஒரு டாக்டர். நெறியில் நோய் கண்ட 386 பெண்களை எடுத்துக்கொண்டார். அறுவைக்குப் பிறகு ஒரு பகுதியினருக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். 1976-ல் முதல் முடிவு வந்தது. நோய் திரும்புவது குறைந்தது. அதோடு கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பெண்களை விடாமல் தொடர்ந்து, 1995-ல் இருபது வருஷக் கணக்கை வெளியிட்டார். மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இருபது வருஷம் கழித்தும் அந்தப் பலன் நின்றது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் சென்னைக்கு வாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனது. அந்த அம்மையார் அழுதார், அஞ்சினார் என்பதோடு கதை முடிந்திருந்தால் அடையாறு இருந்திருக்குமா? 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அடுத்த ஆண்டே வந்து சேர்ந்தார் டாக்டர் சாந்தா. 2021 ஜனவரியில் 93 வயதில் மறைகிற வரைக்கும் அதுவே அவருக்கு வீடு. கட்டி முற்றி, நெறியும் கட்டி வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, 1990 முதல் 1999 வரை அங்கே சிகிச்சை கொடுத்து, பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். முதலில் மருந்தும் கதிரும், அப்புறம் அறுவை. அப்படி அறுவை செய்து பார்த்தபோது, நோய் இருந்த நெறிகளே பல பேருக்குச் சுத்தமாகி இருந்தன! அவர்கள்தான் மற்றவர்களைவிட நன்றாக நீடித்தும் வாழ்ந்தார்கள். நெறிக்கு வந்த நோய் திரும்பிப் போகாது என்று யார் சொன்னது?

மும்பை டாட்டா மருத்துவமனை டாக்டர்கள் 2022-ல் ஒரு முடிவு சொன்னார்கள். அறுவைக்குச் சில நிமிஷம் முன்னால், கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் ஊசி போடுவது. பல் பிடுங்கும்போது மரத்துப் போகப் போடுகிற அதே மருந்து! இந்தியாவில் 11 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 1,600 பெண்கள். ஊசி போட்டவர்களில் ஐந்து ஆண்டு கடந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 90, போடாதவர்களில் 86. மருந்தின் செலவு சுமார் நூறு ரூபாய். பனியன் விலையில் நாலு உயிர்! (கைதட்டல்)

இப்போது இந்த ஊருக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். பேர் வேண்டாம். பதினேழு நெறி எடுத்து, ஐந்தில் நோய் இருந்தது. ஆபரேஷன் முடிந்து பதினாலு வருஷம் ஆகிறது. "பயமில்லையா அக்கா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "பயமில்லீன்னு சொன்னா பொய்யுங்க டீச்சர். செக்கப்புக்குப் போற அன்னைக்கு வகுறு கலக்குமுங்க. மத்த நாளைக்கு அதுக்கு எங்கீங்க நேரம்? நூறு பீஸுல நாலு டேமேஜுன்னு வந்தா, நாலத்தானுங்க தனியா எடுத்து வெக்கறோம். நூறையுமா தூக்கி வீசறோம்?"

நான் முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்ல வராது. (கைதட்டல்)

ஒரு விஷயத்தில் என் அணித் தோழரோடு நான் மாறுபடுகிறேன். நடுவர் கட்சி மாறிவிட்டேனா என்று பார்க்கிறார்! (சிரிப்பு) "மன உறுதி இருந்தால் எந்த நோயும் ஓடிப்போகும்" என்றார் அவர். அப்படிச் சொல்லக்கூடாது ஐயா. இறந்துபோன பெண்களுக்கு மன உறுதி இல்லையா? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி ஊசி வரை போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். போனவர்களைக் கோழை என்று சொல்லித்தான் இருப்பவர்களுக்குத் தைரியம் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். நம்பிக்கை மருந்தல்ல. மருந்து இருக்கிற இடத்துக்கு நம்மைக் கூட்டிப் போகிற கால் அது. நான் பேசுகிற நம்பிக்கை அதுதான்.

வள்ளுவர் "மருந்து" என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் நாலு பேரை வரிசையாக நிற்க வைக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். முதல் மூன்று பேரைப் பற்றிப் பேசிவிட்டேன். நாலாவது ஆள் யார்? இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற நீங்கள்தான்!

வீட்டுக்காரர்களே, நெறி எடுத்த பக்கத்துக் கை வீங்குவதற்கு வாய்ப்பு உண்டு. டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்தாளா என்று கேளுங்கள். வீக்கம் கண்டால் உடனே கூட்டிப் போங்கள். அந்தக் கையால்தான் அவள் ஓவர்லாக் ஓட்ட வேண்டும், உங்களுக்குச் சோறும் போட வேண்டும். கம்பெனி முதலாளிகளே, உங்கள் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தால், அதில் என்ன கிடைக்கும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்து, சந்தாவும் விதிப்படி கட்டியிருந்தால், புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் சம்பளத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு வருஷம் வரை வாங்க வழி இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போகாவிட்டால் சனிக்கிழமை சம்பளம் போய்விடுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிற ஒருத்திக்கு, "தைரியமா இரு" என்று சொல்வதைவிட, அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதுதான் பெரிய நம்பிக்கை! (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள். அச்சம் வரட்டும். வருஷத்துக்கு ஒரு நாள், செக்கப் அன்றைக்கு, அந்த அக்காவோடு பஸ்ஸில் ஏறி வரட்டும். தடுக்கவில்லை. ஆனால் மீதி நாளெல்லாம் அவரை எழுப்பி, மாத்திரை போட வைத்து, வேலைக்கு அனுப்பி, பேரன் பிறந்தநாளுக்குச் சட்டை எடுக்க வைப்பது நம்பிக்கை. ஆகவே, பெரும் நோயைக் கடந்து வந்தவரை வழிநடத்துவது நம்பிக்கையே, நம்பிக்கையே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.