கைக்கடக்கமான கூட்டுச் சுத்தியல்: எதற்கு உதவும், எதற்கு உதவாது



வேலியடியிற் சென்று பார்க்கும்போது கம்பி ஓரிடத்தில் தளர்ந்திருக்கிறது. சுத்தியல் வீட்டில், குறடு நீரிறைக்கும் யந்திரக் கொட்டிலில், ஆணியோ யாரிடம் இரவல் கொடுத்தோமென்பது நினைவில்லை. நாளைக்குப் பார்ப்போமென்று திரும்புகிறீர்கள். அன்றிரவே மாடு புகுந்துவிடுகிறது. இவ்வாறான வேளைகளிற் கைகொடுக்குமென்று சொல்லி, சுத்தியலும் குறடும் கத்தியும் வாளும் ஒன்றாய் மடிந்த ஒரு சிறு கருவியை இன்று இரும்புக்கடைகளில் விற்கின்றனர். கடைக்காரர் அதனை ‘மல்ரிரூல்’ என்பர். நாம் கூட்டுச் சுத்தியல் என்று வைத்துக்கொள்வோம். அதனை வாங்கலாமா, வாங்கினால் எந்த வேலைக்கு எடுக்கலாம் என்று பல கமக்காரர் எம்மிடம் வினவியுள்ளனர். அதைப்பற்றியே இன்று சில கூற விரும்புகின்றேன்.

முதலிற் கருவியைக் கையிலெடுத்துப் பாருங்கள். தலையின் ஒரு புறம் அடிக்கும் முகம். மறுபுறம் ஆணி பிடுங்கும் கவை. பிடியை இரண்டாகப் பிரித்தால் தலைக்கடியிற் குறட்டின் வாய் தோன்றும். பிடியின் இரு பாதிகளுக்குள்ளும் கத்தி, வாள், அரம், திருகாணி முடுக்கும் தகடுகள் ஆகியன மடிந்து கிடக்கும். ஆகவே நீங்கள் சுத்தியற்பிடியென்று பற்றுவது உண்மையிற் குறட்டின் இரு கால்களேயாம். இக்கருவியின் நன்மையும் குறையும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கின்றன.

தச்சர் கையாளும் சாதாரணச் சுத்தியலின் தலை ஏறக்குறைய 450 கிராம் நிறையுடையது. பிடியோ 30 சென்ரிமீற்றர் அளவு நீளமுடையது. கூட்டுச் சுத்தியலிற் பெரும்பாலானவை முழு நீளமும் சேர்த்து 15 முதல் 18 சென்ரிமீற்றர் வரையே இருக்கும். பிடி பாதியானால் என்ன நட்டமென்று கேட்கலாம். மணிக்கட்டு ஒரே வேகத்திற் சுழலும்போது, பாதி நீளப் பிடியின் நுனியிலுள்ள தலை பாதி வேகத்துடனேயே வந்து விழும். அடியின் வலிமையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே தலையின் நிறை சமமாயிருந்தாலும் அடி காற்பங்காகக் குறைந்துவிடும். இதிலோ தலையும் இலேசு. ஒரே அடியில் இறங்கவேண்டிய ஆணிக்கு ஐந்தாறு அடி கொடுக்கவேண்டி வருவதும், நடுவில் ஆணி வளைவதும் இதனாலேயே.

ஆயினும் வேலி வேலையில் இதற்கோர் இடமுண்டு. கிளுவை, முள்முருக்கு ஆகிய உயிர்க்கதியால்களின் மரம் மென்மையானது. முட்கம்பியைப் பொருத்தும் ‘ப’ வடிவ ஆணியை அதில் இறக்க இச்சிறு சுத்தியல் போதும். பாலை, முதிரைத் தூண்களிலும், பனையின் வைரத்திலும் இது செல்லாது. அங்கே பெரிய சுத்தியலையே எடுங்கள், அல்லது முன்னதாகத் துளையிடுங்கள். எந்தச் சுத்தியலானாலும், ஆணியின் இரு கால்களும் மரத்தின் ஒரே இழையில் இறங்காதவாறு சிறிது சரித்து அடித்தல்வேண்டும். இல்லையேல் தூண் பிளக்கும். கம்பி நசுங்கும்வரை அடிப்பதும் தவறு. கம்பி ஆணிக்குள் இலேசாக நகர இடமிருந்தாற்றான் பின்னர் இழுத்துக் கட்டலாம்.

மெல்லிய கட்டுக்கம்பியைக் குறட்டின் வாய் எளிதில் வெட்டும். முட்கம்பியை வெட்ட முயன்றால் வாய்தான் பள்ளமாகும். கம்பியை இழுத்து முறுக்கேற்றவும் இதனை நம்பவேண்டாம். பிடி குறுகியதாதலால் கம்பி நழுவி முகத்தில் அடிக்கக்கூடும்.

அடிக்கும்போது பிடியின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அப்படிப் பாராத ஒருநாள், மூன்றாவது அடியில் பிடி விரிந்து என் உள்ளங்கைத் தோலைக் கவ்விக்கொண்டது. தழும்பு இன்னமும் இருக்கிறது. அலவாங்கின் தலையிலோ, மற்றொரு சுத்தியலின் முகத்திலோ இதனால் அடிக்கவேண்டாம். கடினமாக்கப்பட்ட உருக்கு உருக்கிற் பட்டாற் சில்லுத் தெறிக்கும். தெறித்த சில்லு கண்ணிற் பட்டாற் பார்வையே போய்விடலாம்.

யந்திர வேலையிலேதான் இக்கருவி அதிக நட்டத்தை உண்டாக்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வெங்காயச் செய்கையாளர், நீரிறைக்கும் யந்திரம் இயங்காதபோது, அதன் பிளக்கை இக்குறட்டாற் கழற்ற முயன்றார். குறடு நழுவி வெண்ணிறப் பீங்கான் உடைந்தது. புதிய பிளக் பட்டினத்திலிருந்து வந்துசேர இரண்டு நாள். அதற்குள் குறட்டுவாய் நட்டின் மூலைகளை மழுக்கியிருந்தபடியால், உடைந்ததைக் கழற்ற மேலும் ஒரு நாள். காய் பருக்கும் பருவம் அது. அவ்வருடம் வெங்காயம் சிறுத்துப் போயிற்று. சிறிய பெற்றோல் யந்திரங்கள் பலவற்றில் 21 மில்லிமீற்றர் வாயுள்ள குழாய் ஸ்பனரே பிளக்குக்குப் பொருந்தும். கூட்டுச் சுத்தியலின் விலையிற் சிறு பகுதியே அதன் விலை. அதனை முதலில் வாங்கிக் கொட்டிலில் வையுங்கள். தளர்ந்த சிறு நட்டொன்றை யந்திரம் ஆடாதபடி தற்காலிகமாகப் பிடித்து முறுக்க மாத்திரம் குறட்டைக் கொள்ளலாம்.

மின்மோட்டார் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடியின்மேல் இறப்பர்போன்ற உறையோ பலகையோ பொருத்தியிருப்பது அழகுக்கும் பிடிமானத்துக்கும் மட்டுமே. அது மின்காப்பு அன்று. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஈரத்தில் நிற்பவரைக் கொல்ல அது போதும். ஆதலால் மின்கம்பி வேலைக்கு இக்கருவியை ஒருபோதும் எடுக்கவேண்டாம்.

தெளிகருவியின் விசிறுமுனை அடைபட்டால், இதிலுள்ள கூரிய தகட்டைச் செலுத்திக் குத்துவோர் உண்டு. துளை சிறிதளவு பெருத்தாலும் மருந்து கூடுதலாகவும் ஒழுங்கின்றியும் வெளியேறும். ஒரு வரி கருகும், மற்ற வரியிற் பூச்சி தங்கும். முனையைக் கழற்றித் தண்ணீரிற் கழுவி, மென்மையான தூரிகையாலே துடையுங்கள். வாயால் ஊதுவது கூடவே கூடாது.

மாங்கன்று ஒட்டவும் இக்கத்தி ஆகாது. அலகு தடித்தது, வெட்டுமுகம் நசியும். அதற்கு ஒட்டுக்கத்தியே வேண்டும். வாளும் பெருவிரல் தடிப்பான கொப்புக்கு மேல் அறுக்காது.

துருப்பிடியாத உருக்கு என்று பெட்டியில் எழுதியிருப்பினும், கடற்காற்றும் உரமும் சேற்று நீரும் பட்டால் மூட்டுகளிற் கறை பிடிக்கும். நன்னீரிற் கழுவி, வெயிலில் உலர்த்தி, தையல் யந்திர எண்ணெய் ஒரு துளி விடுங்கள். தேங்காயெண்ணெய் புழுதியைச் சேர்த்துப் பிசினாகும்.

இறுதியாக, மிக முக்கியமானது. காலையிற் பூச்சிகொல்லிப் போத்தலின் மூடியைத் திறந்த அதே கருவியின் கத்தி, மாலையிற் பிள்ளைக்கு மாம்பழம் வெட்டுகிறது. பாக்குச் சீவுவதும் அதனாலேதான். எல்லா வேலைக்கும் ஒரு கருவி என்பதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சவர்க்காரமிட்டுக் கழுவினாலும் மடிப்பின் இடுக்கிலுள்ள மருந்து போய்விட்டதென்று சொல்ல முடியாது. தோட்டத்துக்கென வாங்கிய கூட்டுச் சுத்தியலைக் குசினிக்குட் கொண்டு செல்லாதீர்கள்; பிள்ளைகளின் கைக்கும் எட்டவிடாதீர்கள். கொட்டிலின் வளையில் உயரத்தில் ஓர் ஆணியடித்து அதிலே தொங்கவிடுங்கள். அந்த ஆணியை அடிக்க இச்சுத்தியலே போதும்.