தொங்கும் கூரையும் நாம் படித்த படிப்பும்

(பென்னலூரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது நம் செயலாளர், "வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்கிற மாதிரி ஏதாவது பேசுங்களேன்" என்றார். அதைப் பேசத் தகுதியானவர்கள் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மெக்கானிகல் படித்தவன். எனக்குத் தெரிந்தது ரிப்பேர். ஆகவே, பழைய காரில் உள்கூரைத் துணி தொங்கிப் போனால் அதை நாமே எப்படிச் சரி செய்வது என்பது பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வீட்டுக்குப் போய் உங்கள் வண்டியின் கூரையை ஒரு தடவை விரலால் அழுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகு சிரிப்பு வருகிறதா என்று பார்ப்போம்.

நாம் உட்கார்ந்திருக்கிற இடம் எப்படிப்பட்ட இடம் என்று யோசியுங்கள். இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் முதல் சான்ட்ரோ அங்கிருந்துதான் வெளியே வந்தது. அந்த வண்டிகளில் இன்றும் ஓடுபவைக்கு வயது 25-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் ஒரகடம். 2010-ல் ரெனோ நிஸான் தொழிற்சாலை திறந்த பிறகு அந்த ரோடே அடையாளம் தெரியாமல் மாறிப் போனது. நம் பசங்க பாதிப் பேர் இந்த ரோட்டில்தான் வேலை பார்க்கிறார்கள். புது வண்டிக்குக் கூரை மாட்டுவதை லைனில் தினமும் பார்க்கிறோம். அதே கூரை இருபது வருஷம் கழித்து என்ன ஆகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நான் பார்த்தது என் அப்பாவின் வண்டியில். 2003-ஆம் வருஷத்து செடான். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இது ஒரு கம்பெனிக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. அப்பா காஞ்சிபுரத்தில் இருக்கிறார், வயது 76. டாக்டரிடம் போவதும், மார்க்கெட் போவதும், என் அக்கா வீட்டுக்குப் போவதும் அந்த வண்டியில்தான், அவரே ஓட்டிக்கொண்டு. துணி முதலில் பின் சீட்டுக்கு மேலே பலூன் மாதிரி உப்பியது. ஆறு மாதத்தில் முன்னால் வந்துவிட்டது. தலையில் உரசுகிறது. அதைவிட, உள் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற லாரி தெரியவில்லை, துணிதான் தெரிகிறது.

இரண்டு கடையில் கேட்டோம். இரண்டு பேரும் ஒரே பதில்: "பழைய வண்டி சார், இதுக்குப் போய் எதுக்கு செலவு? குடுத்துட்டு வேற எடுத்துக்குங்க." அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "எஞ்சின் நல்லா இருக்கு, பிரேக் நல்லாப் பிடிக்குது, ஆர்.சி.யும் புதுப்பிச்சாச்சு. துணி தொங்குதுன்னு யாராவது வண்டியை விப்பாங்களாடா? நீ என்னதான் படிச்ச?" கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி. இந்த வயதில் புது வண்டி வாங்கி, புது கிளட்ச், புது கியர் பழகுவதைவிட அவர் ஓட்டுவதையே விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஆகவே நானும் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினோம்.

முதலில் கூரை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்போம். பழைய அம்பாஸிடர், பத்மினி போன்ற வண்டிகளில் துணியோ ரெக்ஸினோ வளைந்த கம்பிகளில் கோத்துத் தொங்கும். சுற்றிலும் இழுத்து ஒட்டியிருப்பார்கள். அது தையல்காரர் வேலை. பழைய துணியைப் பிரித்து அதையே அளவாக வைத்துப் புதிதாகத் தைக்க வேண்டும். கம்பிகளைக் கழற்றும்போது 1, 2, 3 என்று நம்பர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் வளைவும் வேறு.

பிறகு வந்த வண்டிகளில் அச்சில் அழுத்தி எடுத்த ஒரு பலகை வந்துவிட்டது. கண்ணாடி இழை, சணல் நார், பிசின் என்று ஏதாவது ஒரு கலவை. அதன் மேல் பல வண்டிகளில் 3 மி.மீ. அளவுக்கு மெல்லிய ஃபோம், அந்த ஃபோமின் மேல் நாம் தொட்டுப் பார்க்கும் துணி. துணியும் ஃபோமும் ஒன்றாகவே வரும். ஃபோமைப் பலகையோடு பிடித்து வைத்திருப்பது பசை.

இப்போது தம்பிகளுக்கு ஒரு கேள்வி. துணி தொங்குகிறது. எது விட்டுப் போனது? எல்லோரும் சொல்வது "பசை". என் மகளும் அதைத்தான் சொன்னாள். "சரி, கிழித்துப் பார்" என்றேன். ஓரத்தில் கொஞ்சம் இழுத்தாள். துணியின் பின்பக்கம் பழுப்பு நிறப் பொடி. பலகையைத் தொட்டாள், அங்கேயும் அதே பொடி. "அப்பா, ரெண்டு பக்கமும் ஃபோம் இருக்கு. அப்போ பசை விடலையே, நடுவுல ஃபோம்தானே பிய்ஞ்சிருக்கு?" என்றாள்.

விஷயம் அவ்வளவுதான். பலகை சுத்தமாக இருந்து ஃபோம் முழுசாகத் துணியோடு வந்தால் தோற்றது பசை. அதை வகுப்பில் அட்ஹீசிவ் ஃபெயிலியர் என்று படித்தோம். இரண்டு பக்கமும் பொடி இருந்தால் பொருளே உள்ளுக்குள் தோற்றுவிட்டது. அது கோஹீசிவ் ஃபெயிலியர். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். பரீட்சைக்காக இரண்டு வரியில் எழுதிய விஷயம், அப்பாவின் தலைக்கு மேல் இருபது வருஷம் கழித்து வந்து நிற்கிறது.

ஃபோம் ஏன் பொடியாகிறது? அது பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த வகைப் பொருள். அருமையான பொருள்தான், ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்கு ஆகாது. காற்றிலுள்ள ஈரம் அதன் நீண்ட சங்கிலியை மெதுவாக அறுக்கிறது. நீராற்பகுப்பு, அதாவது ஹைட்ராலிசிஸ். சூடு அந்த வேலையை வேகப்படுத்துகிறது. கத்திரி வெயிலில் நிறுத்திய வண்டியின் தகரத்தில் கை வைக்க முடியுமா? அந்தத் தகரத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் இந்த ஃபோம். ஐப்பசி கார்த்திகையில் ஈரம், சித்திரை வைகாசியில் நெருப்பு. அது இருபது வருஷம் தாங்கியதே பெரிசு.

காரணம் தெரிந்துவிட்டால் எது வேலைக்கு ஆகாது என்பதும் தெரிந்துவிடும். குண்டூசி குத்துகிறார்கள், ஸ்டேப்லர் அடிக்கிறார்கள், ஊசியில் பசையை ஏற்றி உள்ளே விடுகிறார்கள். செத்த ஃபோமின் மேல் எவ்வளவு நல்ல பசை போட்டாலும் அது பொடியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பொடி பலகையைப் பிடிக்காது. சுண்ணாம்பு உதிர்கிற சுவரில் போஸ்டர் ஒட்டுகிற கதை. ஆகவே பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றும் முறை. முதலில் பாட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கண்ணாடி ஓரத் தூண்களிலும் கூரை ஓரத்திலும் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அங்கே திரை மாதிரி விரிகிற ஏர்பேக் இருக்கிறது. அந்த வண்டியை வீட்டில் தொடாதீர்கள், தெரிந்தவரிடம் விடுங்கள். அது இல்லாத பழைய வண்டி என்றால் சன் வைசர், உள் விளக்கு, கைப்பிடிகள், தூண்களின் மேல் மூடிகள், கதவு ஓர ரப்பர் பீடிங் இவற்றை வரிசையாகக் கழற்றலாம். ஒவ்வொன்றுக்கும் செல்போனில் ஒரு படம். ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் குழிக்கு ஓர் இடமாகப் போட்டு வைத்தோம். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஒரு ஸ்க்ரூ கூடக் காணாமல் போகவில்லை. பழைய பிளாஸ்டிக் கிளிப் சில உடையும். புதுப்பேட்டையில் கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன் சீட்டுகளை முழுசாகச் சாய்த்துவிட்டு, இரண்டு பேராகப் பிடித்துப் பலகையை முன் கதவு வழியாக வெளியே எடுக்க வேண்டும். அவசரம் கூடாது. மடங்கினால் மடங்கிய தழும்பு போகவே போகாது. விரிசல் இருந்தால் பின்பக்கம் துணிப் பட்டை வைத்து ஒட்டிவிடுங்கள். பலகையில் தண்ணீர்க் கறை தெரிந்தால் நின்று யோசியுங்கள். ஆன்டெனா அடியிலோ கண்ணாடி ரப்பரிலோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகலை அடைக்காமல் துணி மாற்றுவது வீண்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, யாருக்கும் பிடிக்காத வேலை. பழைய துணியை உரித்துவிட்டு, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, திறந்த வெளியில், மென்மையான பிரஷ்ஷால் அந்தப் பொடி முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், பலகை குதறிப் போகும். தண்ணீரும் வேண்டாம், சணலும் அட்டையும் ஊறிவிடும். எப்போது போதும்? உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கையில் பொடி ஒட்டினால் இன்னும் முடியவில்லை. எங்களுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க இதற்கே போனது. மகள் இரண்டு முறை "போதும்ப்பா" என்றாள். இரண்டு முறையும் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அவளே மறுபடி பிரஷ்ஷை எடுத்தாள்.

துணி சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். வண்டிக் கூரைக்கென்றே வருகிற, ஃபோம் சேர்ந்த துணியாகக் கேட்டு வாங்குங்கள். ஃபோம் இல்லாத வெறும் துணி போட்டால் பலகையின் மேடு பள்ளம் அத்தனையும் வெளியே தெரியும். சோபாத் துணி, கர்ட்டன் துணி வேண்டவே வேண்டாம். வண்டிக்குள் போடும் பொருள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு வரையறை இருக்கிறது. அமெரிக்காவில் 1972 முதல் நிமிஷத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் தீ பரவக் கூடாது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 15061 என்ற தரம் இதற்கென்றே உண்டு. பலகையைவிட எல்லாப் பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வாங்குங்கள்.

பசையும் அப்படித்தான். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை வெயிலில் இளகிவிடும். சூடு தாங்கும் கான்டாக்ட் பசை என்று கேளுங்கள். பலகையிலும் ஃபோமிலும் இரண்டிலும் மெல்லிசாக அடிக்க வேண்டும். நிறைய அடித்தால் ஊறித் துணியில் கறையாகத் தெரியும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் வரக் கூடாது. அதுதான் பதம். மழைக்கால ஈரக் காற்றில் செய்யாதீர்கள். பசையிலுள்ள திரவம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதன் மேல் பனி மாதிரி ஈரம் படியும், பிடிப்பு கெடும். அந்த ஆவி தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். மூடிய ஷெட்டில் வேண்டாம், பக்கத்தில் விளக்கோ கொசுவத்தியோ இருக்கக் கூடாது.

துணியைப் பாதி மடித்துப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். பள்ளம் வந்தால் முதலில் துணியைப் பள்ளத்துக்குள் ஒட்டிவிட்டுத்தான் மேட்டுக்கு ஏற வேண்டும். பள்ளத்தின் மேல் பாலம் போட்ட மாதிரி இழுத்து ஒட்டினால் மறுபடி அங்கேதான் முதலில் விடும். ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் விளக்கு ஓட்டையில் பெருக்கல் குறி மாதிரி வெட்டி, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். பிறகு கழற்றியதற்குத் தலைகீழ் வரிசையில் மாட்ட வேண்டியதுதான்.

கடைக்காரர் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. மூன்று கத்திரி வெயில் தாண்டிவிட்டது, துணி அப்படியே இருக்கிறது. அப்பா இன்றும் அவரே ஓட்டுகிறார். பாராட்டெல்லாம் ஒன்றும் இல்லை. "இப்ப லாரி தெரியுது" என்றார், அவ்வளவுதான்.

இதைச் சொல்ல வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தொங்குவது துணி. பழி விழுவது பசையின் மேல். குற்றவாளி நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஃபோம். தொழிற்சாலையிலும் இதே கதைதான். புகார் ஓர் இடத்தில் வரும், காரணம் வேறோர் இடத்தில் இருக்கும். கிழிந்த இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்க்கிறவன்தான் இஞ்சினியர். பார்க்காமலே "வண்டியை மாத்துங்க" என்று சொல்ல நம் படிப்பு தேவையில்லை.

ஆகவே இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குப் புதுப் பொருள்களைக் காட்சிக்குக் கொடுக்கிறோம், நல்லதுதான். அதோடு, கம்பெனி அனுமதி பெற்று, வருஷத்துக்கு ஒரு கெட்டுப் போன பொருளையும் கொண்டு வந்து கொடுங்கள். தொங்கிய கூரை, வெடித்த ரப்பர், உடைந்த கிளிப், எதுவாக இருந்தாலும் சரி. லேபில் ஒரு அலமாரி போதும். தம்பி தங்கைகள் அதைக் கையில் எடுத்து, எது முதலில் தோற்றது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். முதல் பொருளாக அப்பா வண்டியின் பழைய துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுவேன். பையைத் திறக்கும்போது மட்டும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.