கடுங்குளிரில் பிறக்கும் நெருப்பு



பால் வெட்டப் போகும் விடியற்காலைக் குளிர் நமக்குத் தெரியும். ராக்கெட்டின் 'கிரையோஜெனிக்' இயந்திரம் கேட்கும் குளிரோ வேறு. ஹைட்ரஜன் வாயு திரவமாக, சுழியத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர வேண்டும். பிராணவாயுவுக்கு 183 டிகிரி. இவ்விரண்டும் சேர்ந்து எரியும் விசையே கனமான செயற்கைக்கோளை மேலேற்றுகிறது.

இந்த நுட்பத்தை விலைக்கு வாங்கவே இந்தியா 1991இல் சோவியத் நாட்டுடன் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கா தடுத்தது. 1993இல் ரஷ்யா, செய்து முடித்த இயந்திரங்களை மட்டும் தருவதாகச் சொல்லிவிட்டது. சோறு கிடைத்தது, சமைக்கும் பக்குவம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோமே!

பிறகு சொந்த முயற்சிதான். திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இயந்திரத்தை எரித்து எரித்துச் சோதித்தார்கள். 2010 ஏப்ரலில் அதைச் சுமந்து கிளம்பிய ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஹைட்ரஜனைத் தள்ளும் பம்பு நடுவிலே நின்றுபோனதுதான் காரணம். பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் போயிற்று. 2013 ஆகஸ்டில் மறுபடி முயன்றபோது, ராக்கெட்டின் வேறொரு பகுதியில் எரிபொருள் கசிந்தது. நல்லவேளை, கிளம்புமுன் கண்டு நிறுத்திவிட்டார்கள். 2014 ஜனவரி 5ஆம் நாள் வெற்றி கிட்டியது.

2022 அக்டோபரில், இன்னும் பெரிய கிரையோஜெனிக் இயந்திரம் பூட்டிய இந்திய ராக்கெட், லண்டனைச் சேர்ந்த ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களைக் கட்டணம் பெற்று ஏற்றிச் சென்றது. அடுத்த மார்ச்சில் மேலும் 36.